கொம்பில் கட்டிய மெடல்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் கத்தரிக்கோலும் ஊசியும்தான். துணிமேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பழகிய கைக்குக் காகிதத்தில் வரி நேராக வரமாட்டேன் என்கிறது. எங்கே ஒற்று வைப்பது, எங்கே விடுவது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளட்டும். எழுத்தைத் திருத்திவிடலாம். நான் எழுதப்போகிற ஆட்களைத் திருத்த முடியாது.

நாலு பேர் கூடின இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் அன்றைக்கு அந்தப் பந்தலில் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை. ஆனால் கோயமுத்தூரில் இன்னும் அந்த விழாவைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள். டாக்கிக்காரர்களுக்குத் தேசம் முழுவதற்குமாக மெடல் கொடுத்தது நம்ம ஊர்தான் என்று காப்பிக் கடையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். எத்தனை நாளைக்குத்தான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவது? அதனால் எழுதுகிறேன்.

ஊரில் டாக்கி ஸ்டூடியோ வந்த புதிதில் அதன் உடுப்பு அறையில் தையல்காரனாகச் சேர்ந்தேன். ராஜாவுக்கு அங்கி, ரிஷிக்குக் காவி, தோழிகளுக்குத் தாவணி எல்லாம் என் மெஷினில்தான் தயாராகும். ராஜாவுக்கு இடுப்பளவு எடுக்கும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவனுக்கு ராஜாக்கள்மேல் பெரிய மரியாதை இருக்காது. எனக்கும் இல்லை.

என் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, அதே ஸ்டூடியோவில் நடிகர். குடியானவர் வீட்டில் பிறந்து, மீசை அரும்புகிற வயதில் நாடகக் கம்பெனியோடு போய்விட்டவர். அவருடைய ஒறம்பரை, சொந்தபந்தம் யாரும் அதற்குப் பிறகு அவர் வீட்டில் கை நனைக்கவில்லை. டாக்கி வந்ததும் அதில் காவல்காரன், தூதன், கிழவன் என்று சின்னச் சின்ன வேஷம் கட்டினார். ஒரே ஒரு படத்தில்தான் அவருக்கு ஒரு நல்ல இடம் கிடைத்தது. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போகிற ஒரு வண்டிக்காரன், மனைவியைப் பறிகொடுத்த பிறகு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு பாடிக்கொண்டே போவான். அவ்வளவுதான் அந்த இடம்.

அதை எடுப்பதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. பாட்டையும் படத்தையும் ஒன்றாகத்தான் பிடிக்க வேண்டும். மைக்கை வண்டி வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார்கள். பிடில்காரரும் தபேலாக்காரரும் படத்தில் விழாதபடி பின்னாலேயே ஓடினார்கள். காக்காய் கத்தினால் எல்லாம் பாழ் என்பதால் காக்காய் விரட்ட ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆள் கத்தியே இரண்டு தடவை பாழானது. வண்டியில் பூட்டியது ஊர்ப் பெரியவருடைய காங்கேயம் காளைகள். பெரியவர் என்று நான் சொல்வது, கண்ணுக்கெட்டிய தூரம் நிலமும் ஒரு பஞ்சு மில்லும் வைத்திருந்த ஒருவரை. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காளைகள் அந்நியன் கைக்கு நடக்காது. மாமா பல நாள் அவர் மாட்டுக் கொட்டத்துக்குப் போய்ப் பருத்திக்கொட்டை வைத்து, அந்தப் பாட்டையே காதோரம் முனகி முனகி அவற்றைப் பழக்கினார். எடுத்த அன்று காளைகள் பாட்டுக்கு நடந்தன. படம் ஓடிய கொட்டகையில் அந்த இடம் வரும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் அக்கா மகளுக்குக் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன். பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் யாராவது கிணத்துக்கடவு என்று பேச்சுக்குச் சொன்னாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள். பையனின் அப்பா நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார்.

"எனக்கொண்ணும் இல்லீங்க. பையனுக்கும் புடிச்சுப் போச்சு. பங்காளிகதான், கூத்தாடி ஊட்லயா பொண்ணெடுக்கறேன்னு கேக்கறாங்க. அவிய வாயை நான் எப்புடிங்க அடைக்கறது?"

"அடைக்க என்னங்க பண்ணோணும்?" என்றார் மாமா.

"நாலு சனத்துக்கு முன்னால பெரியவர் கையால உங்குளுக்கு ஒரு மருவாதி நடந்துபோட்டாப் போதுமுங்க. அப்பறம் ஒருத்தன் மூச்சு விடமாட்டான்."

அந்தச் சமயத்தில்தான் மெடல் விழா வந்தது. பெரியவர்தான் தலைவர். இந்தியா முழுவதிலும் வந்த டாக்கிகளில் சிறந்ததற்கும் சிறந்தவர்களுக்கும் மெடல் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். கமிட்டியில் இருந்தவர்களில் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் போனவர் ஒருவராவது இருந்தாரா என்பது சந்தேகம். நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் மாட்டுச் சந்தையில் நல்ல காளைக்கும் நல்ல பசுவுக்கும் பரிசு சொல்கிற அதே மூன்று பேர். ஏன் என்று கேட்டால், பரிசு கொடுத்துப் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஜில்லாவில் அவர்கள்தானே என்றார்கள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கமிட்டிக் காரியதரிசி என் உடுப்பு அறைக்கு வந்தார்.

"ஏனுங்க டெய்லர், வெள்ளைத் துணியில இத்தாச்சோடு அகலத்துக்குச் சதுரமா வெட்டி, கறுப்புல நம்பர் தெச்சுக் குடுக்கோணும். நாலு முனைக்கும் நாடா வையுங்க."

"எதுக்குங்க?" என்றேன்.

"நடிகருங்க முதுகுல கட்டத்தானுங்க. வட்டத்துல சுத்தி வாரப்ப எது எதுன்னு தெரியோணுமில்ல."

எது எது என்றுதான் சொன்னார். யார் யார் என்று சொல்லவில்லை.

"மேடையில நின்னாப் போதாதுங்களா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மேடையில நின்னா நடை எப்புடித் தெரியுங்க? நடைதானுங்க முக்கியம்!" என்று சிரித்தார். போகும்போது திரும்பி, "அப்பறம், செவப்புப் பட்டுல சரிகைக் கரை வச்சு ரெண்டு பெரிய துணி வேணுமுங்க. மாட்டு முதுகுக்கு. ஊர்வலத்துக்குச் சும்மா" என்றார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சும்மா என்றால் சும்மா என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு நான் ஒரு கோட்டு தைத்தேன். மூடிய கழுத்து, கைநுனியில் மூன்று பித்தளைப் பொத்தான். ஸ்டூடியோவில் மீந்த துணி இல்லை, புதுத் துணி. அவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வணக்கம் சொல்லிப் பார்த்தார். பெரியவர் மெடல் குத்தும்போது நெஞ்சை எவ்வளவு நிமிர்த்துவது என்றும் பார்த்தார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கோட்டும் போட்டாச்சு, தலப்பாவும் கட்டியாச்சு. அங்க போயிப் பளக்க தோசத்துல கோமாளி வேஷம் காட்டிப்போடாதீங்க. புள்ள கலியாணமுங்க" என்றாள்.

"இன்னைக்கு நான் நடிக்கறதே இல்ல அம்மணி. மனுசனா நடந்துபோட்டு வாரேன்" என்றார் மாமா.

சந்தைத் திடலில் பந்தல். நடுவில் கயிறு கட்டிய வட்டம். அது மாடு சுற்றுகிற வட்டம்தான். புது மணல் கொட்டியிருந்தார்கள். முன் வரிசையில் கிணத்துக்கடவுக்காரர், இரண்டு பக்கமும் இரண்டு பங்காளிகளோடு உட்கார்ந்திருந்தார். பங்காளிகள் கையைக் கட்டிக்கொண்டு, விலை பேச வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் நம்பர் துணி கட்டிவிடுவதற்காக வட்டத்தின் வாசலிலேயே நின்றேன். அதனால் எல்லாம் எனக்குக் காதில் விழுந்தது.

சிறந்த டாக்கிக்கான மெடல் ஒரு பம்பாய்ப் படத்துக்கு. கமிட்டியில் யாரும் அதைப் பார்க்கவில்லை. வடக்கே ஒன்று கொடுக்காவிட்டால் அகில இந்தியா என்று போட முடியாதே என்பதற்காகக் கொடுத்தார்கள். பம்பாயிலிருந்து யாரும் வரவில்லை. ஜவுளிக் கடை வீதியிலிருந்து ஒரு சேட்டைக் கூட்டிவந்து, அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்று சொல்லி, மெடலை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு, விரித்த கடை அப்படியே இருக்கிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு மெடல் வாங்கினவர்களில் கொஞ்சம் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

பிறகு நடிகர்களை வட்டத்தில் விட்டார்கள். கதாநாயகி வரவில்லை. ஆனால் அவளுக்கு மெடல் என்று முன்பே முடிவாகியிருந்ததால் அவள் நம்பரை அவளுடைய கார் டிரைவர் முதுகில் கட்டச் சொன்னார்கள். அவன் காக்கிச் சட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மூவரில் ஒருவர் தலையை ஆட்டி, "நடை பரவால்லீங்க" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கதாநாயகன் காரியதரிசியின் மச்சினன். ஒரு வரி சுருதியில் பாடத் தெரியாது. அவன் பாடும்போது ஆர்மோனியக்காரர் சத்தத்தைக் கூட்டி மூடிவிடுவார். அவன் நாலு அடிக்கு ஒரு தரம் நின்று, காமிரா இருப்பதுபோல் பக்கவாட்டில் முகத்தைக் காட்டினான்.

"சித்தெ சிரிங்க, பாக்கலாம்" என்றார் ஒருவர்.

சிரித்தான்.

"பல்லு சுத்தமுங்க" என்றார் மற்றவருக்கு. மற்றவர் அவனைச் சுற்றி வந்து, பின்கழுத்தில் சுழி ஏதாவது தட்டுப்படுகிறதா என்பதுபோல் பார்த்தார். மாட்டில் தேடிப் பழகிய கண் மனிதனிலும் தேடுகிறது. அவனோ அது தனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக் குனிந்து காட்டினான்.

மாமாவின் முறை வந்தது. நாடா கட்டும்போது அவர் முதுகு விறைத்திருந்தது. "மாப்பள, கோட்டு மேல துணி சுருங்காமக் கட்டு" என்றார். வட்டத்தில் நேராக, நிதானமாக, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி நடந்தார். கூட்டத்தில் யாரோ, "வண்டிக்காரரு! வண்டிக்காரரு!" என்று கத்தினார்கள். அவர் திரும்பவில்லை.

"வயசென்னங்க?" என்றார் தீர்ப்புக்காரர்.

"நாப்பத்தெட்டுங்க."

"பல்லைக் காட்டுங்க."

மாமா பல்லைக் காட்டவில்லை. "பாட்டு வேணுமுன்னாக் கேளுங்க, பாடறனுங்க" என்றார்.

"பாட்டெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க" என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பந்தலில் யாரையும் யாரும் பாடச் சொல்லவில்லை. பேசி நடிக்கவும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தீர்ப்பு. மூன்று பேரும் மேடையில் பெரியவருக்கு முன்னால் நின்று, கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்கள். சந்தையில் மாட்டுத் தரகர்கள் விலை பேசுகிற மாதிரியேதான். துண்டுக்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பதும், உதறுவதும், மறுபடி பிடிப்பதும். எந்த நடிகருக்கு எத்தனை விரல் என்று வெளியே இருக்கிற நமக்குத் தெரியாது. ஊர் பூராவும் மூச்சுக் காட்டாமல் அந்தத் துண்டு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்தவர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள், எல்லோரும்தான். ஒருவர்கூட, என்ன இது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்காவது பேச வராது.

கதாநாயகனுக்கு ஒன்று கொடுத்தார்கள். டிரைவருக்கு, அதாவது கதாநாயகிக்கு, ஒன்று கொடுத்தார்கள். கடைசியில் பெரிய மெடல். பெரியவரே எழுந்து மைக்குக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பஞ்சத்துப் படத்துல, வண்டி வார எடம் இருக்குதல்லோங்க. அந்த எடத்துக்குத்தான் இந்த மெடலு. நானும் பாத்தேன். பாத்தவிய அல்லாரும் அளுதாங்க. நடிப்புன்னா அதானுங்க நடிப்பு."

மாமா எழத் தொடங்கிவிட்டார். முன் வரிசையில் கிணத்துக்கடவுக்காரர் பங்காளியின் தொடையில் தட்டினார். பெண்கள் பக்கத்தில் தட்டிக்கு அந்தப்புறம் அக்காவும் அவள் மகளும் இருந்தார்கள்.

"கொண்டாங்க" என்றார் பெரியவர்.

பந்தலின் பின்பக்கத்திலிருந்து அவருடைய இரண்டு காளைகளையும் ஓட்டி வந்தார்கள். முதுகில் நான் தைத்த சிவப்புப் பட்டு. சரிகைக் கரை வெயிலில் மின்னியது. துண்டுக்குள் விரல் பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே என் மெஷினில் தீர்ப்பு தைத்தாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமா பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். வண்டிக்காரரு என்று கத்தியவனும் தட்டியிருப்பான்.

பாண்டு வாத்தியம் கிளம்பியது. பித்தளைக் குழல் சத்தத்துக்குக் காளைகள் மிரண்டன. ஒன்று தலையை உதறி மாட்டுக்காரனைக் கீழே தள்ளிவிட்டுப் பெண்கள் பக்கத்துத் தட்டியை நோக்கித் திரும்பியது. தீர்ப்புக்காரர்கள் மூவரும் துண்டைப் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் போனார்கள். கதாநாயகன் நாற்காலிமேல் ஏறினான். மாமா மட்டும் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், மூக்கணாங்கயிற்றை ஒரு கையால் பிடித்து, கழுத்தில் மறு கையை வைத்து, காதோரம் அந்தப் பாட்டை முனகினார். அன்றைக்கு அங்கே பாடின ஒரே பாட்டு அதுதான். காளை நின்றது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

பெரியவர் இறங்கி வந்தார். மெடலை ஒரு காளையின் கொம்பில் கட்டினார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"நல்லாப் புடிக்கற. பளகுன கை. எந்தூருப்பா நீ?"

"படத்துல வண்டி ஓட்டுனவனுங்க" என்றார் மாமா.

"அப்புடியா? நான் மாட்டையல்லோ பாத்துட்டிருந்தேன்!" என்று சிரித்துவிட்டு, தட்டிலிருந்து தேங்காய் பழம் வெற்றிலை எடுத்து மாமா கையில் கொடுத்தார். "சித்தெ அப்புடியே புடிச்சிரு. போட்டோப் புடிக்கறாங்க."

மாமா ஒரு கையில் தேங்காய் பழத்தோடும் மறு கையில் கயிற்றோடும் நின்றார்.

பந்தல் கலைந்ததும் கிணத்துக்கடவுக்காரர் எங்களைத் தேடி வந்தார். வரன் போய்விட்டது என்று நினைத்து நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா மகள் எங்கே நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி! பெரியூட்டு மாட்டுக் கவுறுங்க! எங்க சனத்துல அதைத் தொட்டவன் ஒருத்தன் இல்லீங்க. அவர் கையால தேங்காபளம் வேற!"

ஒரு பங்காளி, கையைக் கட்டியிருந்தவர், இப்போது அவிழ்த்து, "கூத்தாடின்னு சொன்னாங்க. ஆளு மாட்டுக்காரரல்லோங்க! அப்புடிச் சொல்லியிருந்தா நாங்க ஏனுங்க குறுக்க நிக்கறோம்?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சம்பந்தி" என்று கிணத்துக்கடவுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இனி அந்த மூஞ்சிச் சாயம் வேண்டாமுங்க. யாராச்சும் கேட்டா, பெரியூட்டு மாட்டைப் பாத்துக்கறவருன்னு சொல்லிக்கறோம்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தட்டியோரம் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள். ஆனால் உள்ளே ஓடிப்போக அங்கே கதவு இல்லை.

"சரிங்க" என்றார்.

சொன்னதைப் பொய்யாக்கக் கூடாது என்று மறுநாளே பெரியவர் கொட்டத்தில் போய் நின்றார். வேலை கொடுத்தார்கள். கல்யாணம் நடந்தது, நான் தாய்மாமன் சீர் செய்தேன். ஸ்டூடியோவில் அடுத்த படத்துக்கு அதே மாதிரி ஒரு வண்டிக்காரன் இடம், இன்னும் பெரிய பாட்டு என்று ஆள் அனுப்பினார்கள். அக்காகூட, "போயிட்டுத்தான் வாங்களேன், யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். "டாக்கி அம்மணி அது. அல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் பருத்திக்கொட்டை ஊறவைக்கப் போனார். அந்த இடத்துக்குக் காரியதரிசியின் மச்சினனைப் போட்டு எடுத்தார்கள். காளைகள் நடக்கவில்லை. வண்டியைப் பின்னாலிருந்து ஆள் வைத்துத் தள்ளினார்கள். அந்தப் படத்துக்கும் எவனாவது மெடல் கொடுத்திருப்பான்.

போன வாரம் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்ததைப் பார்க்கக் கிணத்துக்கடவு போயிருந்தேன். ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், சாமி படங்களுக்கு நடுவில் அந்த விழாப் போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கொம்பில் மெடலோடு காளை முழுசாக இருக்கிறது. பெரியவர் முழுசாக இருக்கிறார். மாமா இல்லை. கயிற்றைப் பிடித்த கை மட்டும், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரை, ஓரத்தில் இருக்கிறது. மூன்று பித்தளைப் பொத்தானும் தெரிகிறது.

சம்பந்தி, ஊர்க்காரர்கள் நாலு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, அந்தக் கொம்பையும் அந்த மெடலையும் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விழாவைப் பற்றி என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசின ஒரே பேச்சு அப்போது வந்தது.

"அந்தக் கோட்டுக் கை நான் தெச்சதுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சம்பந்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"அப்புடிங்களா! அப்ப மாட்டு மேல கெடக்குதே, அந்தப் பட்டு? அதும் நீங்க தெச்சதுங்களா? என்ன வேலைப்பாடுங்க!"

ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டு அக்கா மகள் மெதுவாக முனகுவது கேட்டது. அந்த வண்டிப் பாட்டுத்தான். சம்பந்திக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது. நான் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பிரமாதி வருஷம், கார்த்திகை மாதம் ஏழாம் தேதி.